கடைசி பெஞ்சில் இடம்

எண்களை வைத்துத்தான் நான் பிழைப்பு நடத்துகிறேன். ஆளைப் பற்றி எழுது என்றால் எனக்குக் கை ஓடாது. இருந்தாலும் எங்கள் அலுவலகத்து அக்காவைப் பற்றி யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பது தெரிந்துவிட்டதால் நானே உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா என்றால் என் கூடப் பிறந்தவர் இல்லை. அலுவலகத்தில் எல்லோருக்குமே அவர் அக்காதான். அவரைவிட வயதில் மூத்த வாட்ச்மேன்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். முதுகுக்குப் பின்னால் 'கடைசி பெஞ்ச்' என்று ஒரு பெயர் உண்டு. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. பதிலுக்கு அவர் எனக்கு வைத்த பெயர் 'தசமம்'. புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் போடாமல் நான் எந்த எண்ணையும் வெளியே விட மாட்டேன். "என்ன தசமம் சார், டீ எத்தனை கப் வேணும், ஒண்ணு புள்ளி அஞ்சா?" என்று கேட்பார். எனக்குச் சுர்ரென்று வரும். ஆனால் டீ நன்றாக இருக்கும்.

எங்கள் அலுவலகம் மெத்தைக் கடை ஒன்றின் மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிறது. பள்ளிக்கூடங்களில் புதிதாக ஏதாவது செய்தால் அதனால் பிள்ளைகளுக்குப் பலன் உண்டா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. அதை இரண்டு வழியில் செய்வோம். ஒரு பக்கம் பிள்ளைகளுக்குச் சோதனை வைத்து மதிப்பெண்ணைக் கூட்டிக் கழிப்பது. அது என் பங்கு. இன்னொரு பக்கம் வகுப்பிலேயே போய் உட்கார்ந்து பார்ப்பது, டீச்சரோடும் பெற்றோரோடும் பேசுவது. அது அக்காவின் பங்கு. இரண்டையும் கலந்து ஒரே ஆய்வாகத் தர வேண்டும் என்பது ஏற்பாடு. கலப்பது என்று பெயர்தான். அறிக்கையில் என் அட்டவணைகள் பக்கம் பக்கமாக வரும். அவர் பார்த்ததும் கேட்டதும் நாலு வரி சுருங்கி, பெட்டி கட்டி, சாய்ந்த எழுத்தில் ஓரமாக வரும். சட்டையில் அழகுக்குத் தைத்த பித்தான் மாதிரி. பிய்த்து எறிந்தாலும் சட்டை சட்டையாகவே இருக்கும்.

அவர் அதற்காக முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. பள்ளிக்குப் போனால் தலைமை ஆசிரியர் அறையில் நாற்காலி போடுவார்கள், டீ வரவழைப்பார்கள். அக்கா அதையெல்லாம் தாண்டிக்கொண்டு நேரே வகுப்புக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். ஆள் நல்ல உயரம். அந்தச் சின்ன பெஞ்சில் முழங்கால் மோவாயை இடிக்கும். இரண்டு பக்கமும் பிள்ளைகள் நெருக்குவார்கள். அவர் புடவையில் மை கொட்டுவார்கள், அவர் பேனாவைக் கடன் வாங்கித் திருப்பித் தர மாட்டார்கள். இரண்டாம் நாளே அவர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதையே மறந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பார்ப்பதுதான் கணக்கு என்பார்.

அவருக்கு ஒரே ஒரு விதி. ஒரு பள்ளியில் பார்த்ததையும் கேட்டதையும், அது எந்தப் பள்ளி, யார் சொன்னது என்று அடையாளம் தெரியும்படி வெளியே சொல்லக்கூடாது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு எண். அவ்வளவுதான். பஸ்ஸில் திரும்பி வரும்போது என்னிடம்கூட "அந்தப் பதினொண்ணுல என்ன ஆச்சுன்னா" என்றுதான் ஆரம்பிப்பார். நான் ஆரம்பத்தில் இதை வீண் ஜம்பம் என்று நினைத்தேன்.

அவருடைய அப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார். இடுப்பில் தங்கச்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே படித்தேன் என்பார். அது சும்மா பேச்சில்லை. கல்லூரிக்குப் போக முடியாமல் தபால் வழியில் பட்டம் வாங்கினார். எங்கள் அலுவலகத்தில் வீடு வீடாகக் கேள்வித்தாள் நிரப்பும் வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்தார். கல்யாணம்கூடத் தங்கச்சி பள்ளிக்கூடம் முடிக்கட்டும் என்று தள்ளிப் போட்டது. கட்டிக்கொண்டவர் மோட்டார் சைக்கிள் மெக்கானிக், தங்கமான மனிதர். தங்கச்சியை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்ப அவர் தன் வண்டியையே விற்றிருக்கிறார். மெக்கானிக் நடந்து போகிறான் என்று தெருவே சிரித்ததாம். "மத்தவங்க வண்டி எல்லாம் என்கிட்ட தானே சார் நிக்குது" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

அந்தத் தங்கச்சிக்குக் கடைசியில் வேலை கிடைத்தது. அதில்தான் வந்தது வினை.

கல்வித் துறை ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது. காலையில் முதல் இரண்டு பாட வேளையில் பிள்ளைகள் வயதுப்படி உட்கார வேண்டாம், படிக்கத் தெரிந்தபடி உட்காரட்டும் என்பது திட்டம். எழுத்துக் கூட்டுகிறவர்கள் ஒரு பக்கம், வரி படிக்கிறவர்கள் ஒரு பக்கம், கதை படிக்கிறவர்கள் இன்னொரு பக்கம். இதற்காகத் திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு கூடுதல் ஆசிரியர், வருடா வருடம் நீட்டிக்கிற ஒப்பந்தத்தில். தங்கச்சி அப்படி ஒரு பள்ளியில் சேர்ந்தாள். அடுத்த வருடமே அந்தத் திட்டத்தை ஆய்வு செய்யும் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது.

முதல் கூட்டத்திலேயே அக்கா எழுந்து நின்றார். எங்கள் டைரக்டர் அம்மா அப்போதுதான் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"என் தங்கச்சி இந்தத் திட்டத்துல டீச்சர். இதை எழுதி வெச்சுக்குங்க மேடம், துறைக்கும் சொல்லிடுங்க. அவ ஸ்கூலுக்கு நான் போக மாட்டேன். தசமம் சார் போகட்டும்."

அப்படியே எழுதி வைத்தார்கள். ஆய்வு தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்த பள்ளிகள் பாதி, சேராத பள்ளிகள் பாதி. சோதனைத் தேதியை எல்லாப் பள்ளிக்கும் முன்கூட்டியே தெரிவித்தோம். அது எங்கள் அலுவலகத்தின் பழைய வழக்கம், மரியாதை. அன்று வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு தாள் கொடுத்துப் படிக்கச் சொல்வோம். மேலே எழுத்துகள், நடுவில் சொற்கள், கீழே ஓர் ஆட்டுக்குட்டி குடை வாங்கப் போன கதை. அந்தக் கதையை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

மதிப்பெண்கள் வந்தன. கூட்டிப் பார்த்தால், திட்டம் உள்ள பள்ளிகளைவிடத் திட்டம் இல்லாத பள்ளிகள் மேலே இருந்தன. கொஞ்ச நஞ்சமில்லை. மூன்று தடவை சரி பார்த்துவிட்டு, அட்டவணையை டைரக்டர் அம்மா மேஜையில் வைத்தேன். திட்டம் தோற்றது என்று எழுதுவதுதான் பாக்கி. எழுதினால் துறை திட்டத்தை நிறுத்திவிடும், கூடுதல் ஆசிரியர்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போவார்கள். அக்காவின் தங்கச்சியும்தான்.

அக்கா அட்டவணையை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் மேஜைக்கு வந்தார்.

"தசமம் சார், சோதனை அன்னைக்கு எனக்கு உட்கார இடம் கிடைச்சுது."

"கிடைச்சா நல்லதுதானே?"

"இல்ல, திட்டம் இல்லாத ஸ்கூல்ல சொல்றேன். எப்பவும் கடைசி பெஞ்ச்ல என்னைப் பிதுக்கி எடுத்துடுவாங்க. சோதனை அன்னைக்கு மட்டும் பெஞ்ச் பூரா எனக்கே. காலை நீட்டி உட்கார்ந்தேன். வேற ஸ்கூலுக்குப் போனேன், அங்கயும் அப்படித்தான். திட்டம் இருக்கற ஸ்கூல்ல அப்படி இல்ல, வழக்கம்போல நசுக்கினாங்க."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். கடைசி பெஞ்சில் உட்காருகிறவர்கள் யார்? படிக்கத் திணறுகிற பிள்ளைகள். வெளி ஆட்கள் சோதனைக்கு வருகிறார்கள் என்றால் அந்தப் பிள்ளைகளை வீட்டில் இருக்கச் சொல்லிவிடுவது இங்கே பல பள்ளிகளில் பழக்கமாக இருக்கலாம். திட்டம் உள்ள பள்ளிகளில் திணறுகிற பிள்ளைக்கும் உட்கார ஒரு குழு இருக்கிறது, அதனால் அவனை யாரும் ஒளித்து வைப்பதில்லை. அவன் வந்து உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, பள்ளியின் சராசரியைக் கீழே இழுக்கிறான். நாங்கள் வந்தவர்களை மட்டும்தான் எண்ணினோம். வராதவர்களுக்கு எங்கள் தாளில் ஒரு கட்டமே கிடையாது.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே எனக்கு எரிச்சல் வந்தது. எண் பிடிக்கவில்லை என்றால் உடனே ஒரு கதை கிளம்பிவிடும் என்பது என் அனுபவம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல் கேட்டுவிட்டேன்.

"அக்கா, தங்கச்சி வேலைக்காகத்தானே இவ்வளவும்?"

பக்கத்து மேஜையில் தட்டச்சு நின்றது. அக்கா கோபப்படவில்லை.

"அப்படித்தான் சந்தேகப்படணும். நான் உங்க இடத்துல இருந்தாலும் கேட்டிருப்பேன். அதனால நான் பாத்ததை நம்பாதீங்க. நீங்களே கிளம்புங்க. ஸ்கூல்ல பேர் இருக்கற பிள்ளைங்க லிஸ்டை எடுத்துக்கிட்டு, அன்னைக்கு யார் வரலையோ அவங்க வீட்டுக்குப் போய் அதே தாளைக் குடுத்துப் படிக்கச் சொல்லுவோம். போறதுக்கு முன்னாடியே, என்ன வந்தா என்ன எழுதுவோம்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டு மேடம்கிட்ட குடுத்துடுங்க. அப்பறம் நானும் மாத்த முடியாது, நீங்களும் மாத்த முடியாது."

அது என் பாடப் புத்தகத்தில் இருக்கிற முறை. அதை அவர் என் கழுத்தில் கட்டிவிட்டார். எழுதிக் கொடுத்தேன். திட்டப் பள்ளிகள் மேலே வந்தால் திட்டம் பலன் தருகிறது என்று எழுதுவோம். வராவிட்டால் தோற்றது என்று எழுதுவோம். நடுவில் நின்றால் எங்களுக்குத் தெரியவில்லை என்று வெட்கப்படாமல் எழுதுவோம். டைரக்டர் அம்மா அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

அதுவரை நான் எந்தப் பிள்ளையின் வீட்டு வாசலையும் மிதித்ததில்லை. இப்போது தெருத் தெருவாக அலைந்தேன். ஒரு சந்தில் நாய் என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஒரு வீட்டில் என்னை மின்சாரம் துண்டிக்க வந்தவன் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். அக்கா பின்னாலேயே வந்து, "அவர் பாக்கறதுக்குத்தான் அப்படி இருப்பார், உள்ள ஒண்ணும் இல்ல" என்று சொல்லித் திறக்க வைப்பார். ஆனால் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்துக் குறிப்பது நான்தான். அவர் வாசற்படியைத் தாண்ட மாட்டார். முகக் குறிப்பில்கூட உதவி செய்துவிடுவோமோ என்று அவருக்குப் பயமாம்.

ஒரு வீடு நன்றாக நினைவிருக்கிறது. ஒற்றை அறை. அந்த அம்மா சட்டைக் காலர் தைத்துக் கொடுப்பவர். அறை முழுக்கக் காலர்கள், சட்டை ஒன்றுகூட இல்லை. மகள் தையல் மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள்.

"சோதனை அன்னைக்கு உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்தா சார். யாராவது வந்து படிக்கச் சொன்னா இவ திக்குவா, எல்லாருக்கும் அசிங்கம், அன்னைக்கு ஒரு நாள் வீட்ல இருக்கட்டும்னு சொல்வாங்க. இவ அண்ணனுக்கும் அப்படித்தான் சொல்வாங்க." சொன்ன பிறகுதான் அவருக்குப் பயம் வந்தது. "நான் சொன்னேன்னு ஸ்கூல்ல சொல்லிடுவீங்களா?"

வாசலில் இருந்து அக்கா சொன்னார். "எங்க வாயிலேர்ந்து வராதும்மா. ஸ்கூலுக்கும் போகாது, அவங்களுக்கு மேல இருக்கறவங்களுக்கும் போகாது."

மகள் எழுத்துகளை முடித்தாள். நடுவில் இருந்த சொற்களில் மூன்றைப் படித்தாள். ஆட்டுக்குட்டியின் கதைக்கு வந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். எங்கள் அட்டவணையில் இந்தப் பெண் பிறக்கவே இல்லை.

அந்த மாதிரி வீடுகள் நிறைய இருந்தன. ஏதோ ஒரு பள்ளி என்றில்லை, திட்டம் இல்லாத பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் இதே கதை. அதுவரை பார்த்த எல்லோரையும் சேர்த்துக் கூட்டியபோது அட்டவணை தலைகீழாகப் புரண்டது. திட்டப் பள்ளிகள் மேலே வந்தன. நான் எழுதிக் கொடுத்திருந்த தாளின்படி அக்கா ஜெயித்தார்.

ஆனால் இன்னும் ஒரு பள்ளி பாக்கியிருந்தது. அங்கே நான் தனியாகத்தான் போக வேண்டும்.

தங்கச்சி வேலை பார்க்கும் பள்ளி முதல் சோதனையில் மிக நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தது. துறைக்காரர்கள் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் பள்ளி அது. அவளுடைய வகுப்பில் வராத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனேன். எல்லோரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்கள். எல்லோருமே திணறினார்கள். அன்றைக்கு மட்டும் வர வேண்டாம் என்று கூடுதல் டீச்சர்தான் சொன்னார்களாம், ரொம்பத் தன்மையாகச் சொன்னார்களாம்.

பஸ்ஸில் திரும்பும்போது குறித்த தாள்களையே திரும்பத் திரும்பப் புரட்டினேன். மற்ற பள்ளிகளே போதும், இந்த ஒன்றை விட்டுவிட்டாலும் முடிவு மாறாது என்று மனம் கணக்குப் போட்டது. அலுவலகத்தில் அக்கா என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். எந்தப் பள்ளிக்கு எந்த எண் என்ற பட்டியல் அவர் பொறுப்பில்தான் இருந்தது. மறைக்கவும் முடியாது.

"வீட்ல நிறுத்தி இருக்காளா?"

நான் தலையை ஆட்டினேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "டேபிள்ல போடுங்க. மத்த ஸ்கூலுக்கு எப்படிப் போட்டீங்களோ அப்படியே" என்றார். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

மறுநாளே தங்கச்சி வந்துவிட்டாள். அக்கா அவளை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் படிக்கட்டில் நின்று பேசினால் கீழே மெத்தைக் கடை வரைக்கும் கேட்கும். எனக்குக் கேட்காமல் இருக்குமா?

"உங்க சார் என் கிளாஸ் பசங்க வீட்டுக்கெல்லாம் போயிருக்காரு."

"தெரியும்."

"எழுதிட்டாரா? எடுக்கச் சொல்லுக்கா."

"முடியாதுடி."

"ஒரே ஒரு நாள்தான்க்கா. மத்த நாள்லாம் அந்தப் பசங்களோட எப்படி உயிரைக் குடுத்துப் போராடுறேன்னு உனக்குத் தெரியுமா? வருஷா வருஷம் நீட்டிப்பாங்களா மாட்டாங்களான்னு செத்துப் பொழைக்கிறது நான். உனக்கென்ன."

"நீ நல்லாச் சொல்லித் தர்றேன்னு எனக்குத் தெரியும். அதையும் எழுதி இருக்கோம். இதையும் எழுதித்தான் ஆகணும்."

"என்னைத் தூக்கி வளர்த்தவ நீ. என் வேலையையும் நீயே புடுங்கிக்கோ."

செருப்புச் சத்தம் கீழே இறங்கிப் போனது. அக்கா உள்ளே வந்தபோது நான் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன்.

"கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"மெத்தைக் கடைக்காரரே கேட்டிருப்பார்க்கா."

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "அந்த வரிசையைச் சரி பாத்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அறிக்கை போனது. அந்த முறை அக்கா எழுதியது ஓரத்துப் பெட்டியில் இல்லை, முதல் பக்கத்தில் இருந்தது. கடைசி பெஞ்ச் காலியாக இருந்ததில் தொடங்கி என் அட்டவணையில் முடிந்தது. கலந்து செய்வது என்றால் என்னவென்று எனக்கே அப்போதுதான் விளங்கியது. துறை அதிகாரி எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். நீளமான மேஜை, குளிர்சாதனம், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். எங்கள் டைரக்டர் அம்மா அன்றைக்குக் கண்ணாடியைத் தொலைக்காமல் வந்திருந்தார்.

"நல்ல வேலை. திட்டம் தொடரும், சந்தேகமே இல்ல" என்றார் அதிகாரி. பிறகு அட்டவணையின் கீழே விரலை வைத்தார். "இந்த ஒரு வரிசை மட்டும் உறுத்துது. திட்டத்துல இருந்துகிட்டே பசங்களை வீட்ல நிறுத்தி இருக்காங்க. எந்த ஸ்கூல்னு சொல்லுங்க. அந்த டீச்சருக்கு நீட்டிப்பு கிடையாது."

"சொல்றதுக்கில்ல சார்" என்றார் அக்கா. "பேர் வெளில வராதுன்னு சொல்லித்தான் எல்லா ஸ்கூலுக்குள்ளயும் போனோம். அந்த ஒப்பந்தத்துல துறையும் கையெழுத்துப் போட்டிருக்கு."

அதிகாரி கோப்பைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். எனக்குத் தெரிந்துவிட்டது, அது எந்தப் பக்கம் என்று.

"உங்க தங்கச்சி இந்தத் திட்டத்துல டீச்சர்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. அவங்க ஸ்கூலா இது?"

"அதுக்கும் பதில் சொல்ல மாட்டேன் சார்."

"இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போங்களேன். என்ன கஷ்டம்?"

"ஒரு ஸ்கூலுக்கு இல்லைன்னு சொன்னா அடுத்ததுக்கும் கேப்பீங்க. ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டே போனா கடைசியில ஒண்ணுதான் மிஞ்சும்."

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோர் மனதிலும் ஒரே எண்ணம் ஓடியது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தங்கச்சியைக் காப்பாற்றுகிறாள். எனக்கு ரத்தம் கொதித்தது. வாயைத் திறந்துவிட்டேன். "சார், அவங்க அப்படிக் காப்பாத்தணும்னு நெனச்சிருந்தா" என்று ஆரம்பித்தேன். அந்த வரிசையே இருந்திருக்காது என்று முடித்திருக்க வேண்டும். அதற்குள் மேஜைக்கு அடியில் அக்காவின் செருப்பு என் கால் மேல் அழுந்தியது. நன்றாகவே அழுந்தியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரைக் காப்பாற்ற நான் சொல்லக்கூடிய ஒரே வார்த்தை, அந்தப் பள்ளி எது என்று காட்டிக் கொடுக்கிற வார்த்தை.

"என்ன சொல்ல வந்தீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார்" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு எந்த விடையையும் நான் சொன்னதில்லை.

அக்கா அன்றைக்கு ஜெயித்தார் என்றும் சொல்லலாம், தோற்றார் என்றும் சொல்லலாம். திட்டம் தொடர்ந்தது. எந்த டீச்சரின் வேலையும் போகவில்லை. ஆனால் இந்த ஆய்வில் இனி அவர் இருக்கக்கூடாது என்று துறையிலிருந்து வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். களப் பிரிவுக்கு அவரைத் தலைவராக்குவதாகப் பேச்சு இருந்தது. ஜன்னல் வைத்த கண்ணாடி அறை அவருக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அதில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். அக்கா ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த பழைய மேஜைக்கே திரும்பினார். பள்ளிகளுக்கான எண்களை எல்லாம் புதிதாக மாற்றினோம். அந்தப் பட்டியல் என் பொறுப்புக்கு வந்தது. அவர் கேட்கவும் இல்லை, நான் காட்டவும் இல்லை.

அதைவிடப் பெரிய இழப்பு வீட்டில். தங்கச்சி பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் என் வண்டியைப் பழுது பார்க்கும்போது மெக்கானிக் சொன்னார். "வீட்ல போன் அடிச்சா நாங்க ரெண்டு பேரும் ஓடுறோம் சார். எடுத்தா கடன் வேணுமான்னு யாரோ கேக்குறாங்க." சொல்லிவிட்டு ஸ்பேனரை வெகுநேரம் துடைத்தார்.

அடுத்த வருடம் துறையே தன் பங்குக்கு ஒரு சோதனை வைத்தது. தேதி சொல்லி, அறிவித்து. அதில் வரும் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் கூடுதல் ஆசிரியர்களுக்கு நீட்டிப்பு என்று சுற்றறிக்கையும் போனது. எங்கள் பாடம் அவர்கள் மண்டையில் ஏறிய லட்சணம் அவ்வளவுதான். அன்றைக்கு வகுப்புகளைப் பார்க்க நாங்கள் ஆளுக்கொரு பள்ளிக்குப் போனோம். நானும் இப்போதெல்லாம் கடைசி பெஞ்சில்தான் உட்காருகிறேன். என் பங்குக்கு வந்தது தங்கச்சியின் பள்ளி.

உள்ளே நுழைந்தேன். கடைசி பெஞ்சில் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவராக அடைந்து கிடந்தார்கள். நான் வீட்டில் போய்ப் பார்த்த முகங்கள் அத்தனையும் அங்கே இருந்தன. சுவரோரம் போய் நின்றுகொண்டேன். தங்கச்சி ஒரு பையனுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். அவன் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான். பயப்படாதே என்று அவன் முதுகில் கை வைத்திருந்தாள். அவன் ஒரு வரியை முடிக்கும்வரை சோதனைக்கு வந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

இடைவேளையில் என்னிடம் வந்தாள். "இந்தத் தடவை நம்பர் இறங்கிடும் சார். தெரியும்" என்றாள். பிறகு, "அக்காகிட்ட..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

"நான் சொல்லக் கூடாதும்மா."

"தெரியும் சார். அவளோட விதிதானே." கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மணி அடித்தது, உள்ளே போய்விட்டாள்.

நான் அலுவலகத்துக்குத் திரும்பியபோது அக்கா ஜெராக்ஸ் மெஷினின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மாட்டிக்கொண்ட தாளை இழுத்துக்கொண்டிருந்தார். எங்கே போய்விட்டு வருகிறேன் என்று கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பதால் கேட்கவில்லை. நான் பையை வைத்தேன். தண்ணீர் குடித்தேன். வாயைக் கட்டிக்கொண்டு உட்காரத்தான் நினைத்தேன்.

"இன்னைக்கு உட்கார இடமே கிடைக்கலக்கா" என்றேன். "பூரா நேரமும் நின்னேன். காலெல்லாம் வலிக்குது."

அவர் கை நின்றது.

"எந்த ஸ்கூல்னு சொல்லிடாதீங்க" என்றார்.

"சொல்லல."

பிறகு முகத்தைத் திருப்பாமலே கேட்டார். "கடைசி பெஞ்ச்லயுமா?"

"கடைசி பெஞ்ச்லதான் நெருக்கம்."

அவர் மெஷினுக்குள் குனிந்து மறுபடி தாளை இழுக்கத் தொடங்கினார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. தாள் எப்போதோ வெளியே வந்து தரையில் கிடந்தது.